மீன்தொட்டியிற் சருகும் மரவேரும்

கண்ணாடித் தொட்டியில் நன்னீர் மீன்களை வளர்ப்போர் நம் நாட்டிற் பலராவர். வண்ணக் கற்களும் பிளாத்திக்குச் செடிகளும் சிப்பிகளும் அத்தொட்டிகளை அணி செய்கின்றன. இவை காண்போர் கண்ணுக்கு விருந்தாகலாம். மீனின் நலத்திற்கோ இவற்றாற் பெரும்பயன் இல்லை. காட்டோடையில் உதிர்ந்த இலையும் வெள்ளம் ஒதுக்கிய வேருமே மீனுக்கு வீடாகவும் உணவுச்சாலையாகவும் அமைகின்றன. இவ்விரண்டையும் தொட்டியில் அமைக்கும் வகையையும், அவற்றால் நீர் அடையும் மாற்றத்தையும் ஈண்டு ஆராய்வோம்.

'செரி பாப்' என உலகெங்கும் வழங்குவதும், சிங்களத்தில் 'லே தித்தையா' எனப்படுவதுமான சிறுமீன் இலங்கைக்கே உரியது. 1929ஆம் ஆண்டில் பி. ஈ. பி. தெரணியகல அவர்கள் இதனை விவரித்து அறிவியற்பெயர் சூட்டினார். களனி கங்கை முதல் நில்வளா கங்கை வரையுள்ள ஈரவலயத்திலே, மரநிழல் படர்ந்து மெல்லென ஓடும் ஆழமில்லா ஓடைகளே இதன் உறைவிடம். அவ்வோடைகளின் அடித்தளம் சருகுகளாலே மூடப்பட்டிருக்கும். பகை வரின் ஒளிவதற்கும், குஞ்சுகள் நுண்ணுயிர்களை உண்டு வளர்வதற்கும் அச்சருகுப் படுக்கையே இடமாகின்றது. அங்ஙனம் வாழ்ந்த மீனை ஒளிமிக்க வெறுந்தொட்டியில் விட்டால், அது அஞ்சி ஒதுங்கி நிறம் மங்கி நிற்பதில் வியப்பென்ன? சருகும் வேரும் இட்ட சில நாட்களில் ஆண்மீனின் செந்நிறம் மீளப் பொலிவதைக் காணலாம்.

இனி, இலைகள் யாவும் ஏற்றனவா என்பது வினா. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என இலையின் பருவங்களுக்குத் தமிழில் வெவ்வேறு பெயர்கள் உள. இவற்றுள் தொட்டிக்கு உகந்தது சருகு ஒன்றே. மரமானது இலையை உதிர்க்குமுன் அதிலுள்ள சத்துக்களிற் பெரும்பகுதியைத் தன்பால் மீட்டுக்கொள்கிறது. எஞ்சுவன நாரும் துவர்ப்பொருளுமே. பச்சிலையிலோ வெல்லமும் பிற சத்துக்களும் நிறைந்திருக்கும். அதனை நீரிலிட்டால் பற்றீரியாக்கள் பெருகி அதனை அழுகச் செய்து, நீரிலுள்ள ஒட்சிசனை உறிஞ்சிவிடும். மீன்கள் மூச்சுமுட்டி மடியும்.

சருகுகளுட் சிறந்ததென மீன் வளர்ப்போர் கொள்வது நாட்டு வாதுமையின் இலை. சிங்களத்தில் 'கொட்டம்பா' எனப்படும் இம்மரம், இலை உதிருமுன் செந்நிறம் பூண்டு நிற்பதைக் கடற்கரையூர்களிற் காணலாம். கடுக்காயும் தான்றியும் மருதும் இதன் இனத்தனவே. கடுக்காயின் துவர்ப்புக்கும் தேநீரின் துவர்ப்புக்கும் ஏதுவாகிய தனின் என்னும் பொருளே இவ்விலையினின்றும் ஊறி, நீரைத் தேநீரின் நிறமாக்குகிறது. தாய்லாந்திற் சண்டை மீன் வளர்ப்போர் நெடுங்காலமாக இவ்விலையைப் பயன்படுத்தி வருகின்றனர். இச்சாறு சிலவகைப் பற்றீரியாக்களைக் கட்டுப்படுத்தும் என ஆய்வுகள் காட்டினும், எல்லா நோய்க்கும் மருந்தென இதனைக் கருதுதல் தகாது. வாழைச் சருகும் கொய்யாச் சருகும் இவ்வாறே பயன்படும். அலரி, எருக்கு, கள்ளி முதலிய நச்சுச் செடிகளின் பகுதிகளை ஒருபோதும் இடலாகாது. பூச்சிமருந்து தெளித்த தோட்டத்திலும் வீதியோரத்திலும் சருகு பொறுக்குதலும் கூடாது.

பொறுக்கிய சருகை நன்கு உலர்த்திக் கழுவி, கொதிநீரிற் சிறிது நேரம் ஊறவைத்தால் அது விரைவில் நீருள் அமிழும். ஐம்பது லீற்றர் நீருக்கு ஓரிரண்டு பெரிய இலை தொடக்கத்திற்குப் போதுமானது. அவை ஓரிரு திங்களில் மட்கி நரம்பு மட்டுமே எஞ்சும்போது புதியன இடலாம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டினர் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. நம் கிணற்றுநீர் சுண்ணக்கற் பாறையினூடே ஊறி வருவது, ஆகவே வன்னீர். அதிற் கரைந்துள்ள இருகாபனேற்று, சருகு தரும் மென்மையான அமிலத்தை நடுநிலையாக்கிவிடுகிறது. எத்துணை இலை இட்டாலும் நிறம் மாறுமேயன்றிப் பீ. எச். பெறுமானம் அதிகம் குறையாது. நிறத்தைக் கண்டு, நீர் ஓடைநீராயிற்று என மயங்கலாகாது. மென்னீர் வேண்டுவோர் மாரியில் ஓட்டுக் கூரையைக் கழுவிச் செல்லும் முதன்மழையை விடுத்து, பின்வரும் நீரைச் சேர்த்துக் கிணற்றுநீரோடு கலத்தல் நன்று. தனி மழைநீரில் அமிலத்தைத் தாங்கும் ஆற்றல் இன்மையால், அதிற் சருகு மிகுந்தால் பெறுமானம் சடுதியாக வீழ்ந்துவிடும். எம்மாற்றத்தையும் பல நாட்களிற் சிறிது சிறிதாகவே செய்க. திடீர் மாற்றம் மீனைக் கொல்லும். கப்பி, மொலி போன்ற மீன்களுக்கோ வன்னீரே உகந்தது. அவற்றை வளர்ப்போர் மழைநீர் தேடவேண்டுவதில்லை. முருகைக்கல்லும் சிப்பியும் சுண்ணம் கரைந்து நீரை மேலும் வன்னீராக்கும் ஆதலின், மென்னீர் மீன்களின் தொட்டியில் அவற்றை இடாதொழிக.

மரத்துண்டைத் தெரிவதிலும் ஆய்வு வேண்டும். உலர்ந்து வைரமேறிய வேரோ கிளையோ ஏற்றது. நகத்தால் அழுத்தினாற் பள்ளம் விழும் உளுத்த மரமும், பிசின் வடியும் மரமும், பச்சைக் கிளையும் ஆகா. கடற்கரையில் ஒதுங்கிய கட்டை உப்பூறியிருக்கும், அதனையும் தவிர்க்க. பட்டையை உரித்து, தூரிகையால் தேய்த்து, கொதிக்கவைத்து, நாடோறும் நீர் மாற்றிச் சில கிழமைகள் ஊறவிடல் வேண்டும். அமிழ மறுக்கும் துண்டைத் தட்டைக் கல்லொன்றிற் பிணைக்கலாம். முதற் சில நாட்களில் அதன்மேற் படரும் வெண்பாசி போன்ற படலம் பெரும்பாலும் தீங்கற்றது, தானே மறையும். வேரின் வளைவுகள் மீனுக்கு ஒளிவிடமாகும்படியும், பின்புறம் உயர்ந்து முன்புறம் நீந்துவெளி விடும்படியும் அமைத்தலே அழகு.

தொட்டிக்கெனக் கண்டல் வேரை வெட்டுதலும், ஓடையினின்று அரிய மீன்களைப் பிடித்துவருதலும் கூடா. விற்பனைக்கென வளர்க்கப்பட்ட மீன்களே நமக்குப் போதும். ஓடைக்கரை மரம் வெட்டப்பட்டால் நிழல் நீங்கும், சருகு விழாது, அதனை நம்பிய நுண்ணுயிரும் குஞ்சும் அழியும். மரம் நிற்பது கரையிலாயினும் மீன் வாழ்வது அதனாலேயே. வீட்டிலோ வகுப்பறையிலோ உள்ள சிறு தொட்டியொன்று இவ்வுண்மையை நம் பிள்ளைகளுக்குக் கண்கூடாகக் காட்டுமாயின், அதனினும் சிறந்த பாடம் பிறிதில்லை.