கணினி மாறினாலும் கற்றது கைவிடாது

திகனயில் உறவினர் வீட்டில் வாழும் அக்கா ஒருவர், போரில் கணவரை இழந்தவர். தையல் குழுவின் சேமிப்புக் கணக்கை எழுதுபவர் அவரே. பயிற்சி வகுப்பொன்றில் விண்டோஸ் கணினியில் பைதன் மொழியைப் பழகி, சந்தாப் பணத்தைக் கூட்டித் தரும் சிறிய செய்நிரல் ஒன்றை எழுதினார். வகுப்பு முடிந்த பின் உறவினர் கொடுத்த பழைய மடிக்கணினியில் இருந்ததோ லினக்ஸ். பென் டிரைவில் கொண்டுவந்த செய்நிரல் அதில் இயங்கவில்லை.

“படிச்சதெல்லாம் வீணாப் போச்சுது மிஸ்” என்று கண்கலங்கினார். எத்தனையோ முறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவருக்கு இதுவும் இன்னோர் இழப்பாகவே பட்டது.

சகோதரிகளே, உண்மையில் எதுவும் வீணாகவில்லை. விண்டோஸ், லினக்ஸ் என்பன கணினியை இயக்கும் பணிசெயல் முறைமைகள். பைதன், கணினிக்கு வேலை சொல்லும் மொழி. அது இரண்டிலும் இயங்கும். கைமெஷினில் தைத்தவர் கால்மெஷினுக்கு மாறினால் மிதிக்கத்தான் பழக வேண்டும். அளவெடுப்பதும் வெட்டுவதும் மறந்துபோவதில்லை.

நெதர்லாந்தைச் சேர்ந்த குய்டோ வான் ரொஸம் பைதனை 1991இல் வெளியிட்டார். அதே ஆண்டில்தான் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். இரண்டையும் இலவசமாகப் பெறலாம். நம் கண்டி மலையின் பெயரில் ‘ஹந்தான லினக்ஸ்’ என்ற ஒன்று இலங்கையிலேயே உருவானது. நம் பிள்ளைகள் க.பொ.த. உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் கற்பதும் பைதனைத்தான்.

அப்படியானால் அக்காவின் செய்நிரல் ஏன் இயங்கவில்லை? கணக்குக் கோப்பின் ஆங்கிலப் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கியது. செய்நிரலில் அவர் சிறிய எழுத்தில் எழுதியிருந்தார். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். லினக்ஸ் வேறு வேறு கோப்புகளாகக் கொள்ளும். ஓர் எழுத்தைத் திருத்தியதும் கூட்டுத்தொகை சரியாக வந்தது.

கணினி மாற்றுவோர் மனதில் வைக்க வேண்டியவை:

• விண்டோஸில் பைதனை நாமே நிறுவ வேண்டும். உபுண்டு போன்ற லினக்ஸ்களில் பெரும்பாலும் அது முன்னரே இருக்கும். பைதன் என்ற ஆங்கிலப் பெயருடன் 3 என்ற இலக்கத்தையும் சேர்த்துத் தட்டச்சிட்டால் திறக்கும்.

• கோப்புப் பெயர்களை எப்போதும் சிறிய எழுத்தில், இடைவெளியின்றி எழுதுங்கள். செய்நிரலையும் கணக்குக் கோப்பையும் ஒரே கோப்புறையில் வையுங்கள்.

• உறுப்பினர் பெயர்களைத் தமிழில் எழுதினால், கோப்பைச் சேமிக்கும்போதும் திறக்கும்போதும் யுடிஎஃப்-8 என்று குறிப்பிடுங்கள். இல்லையேல் எழுத்துகள் சிதைந்து தெரியலாம்.

• பிழைச்செய்தி வந்தால் பயப்படாதீர்கள். அதன் கடைசி வரியை முதலில் வாசியுங்கள். தவறு என்னவென்று பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

அந்த அக்கா இப்போது கணக்கை இரண்டு கணினிகளிலும் பார்க்கிறார். குழுவிலுள்ள இன்னொரு சகோதரிக்கும் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்.