மார்ச்சில் காய்ச்சிய மணம்

மேர்ட்சன் பீரை ஊற்றியதும் குடித்துவிடக் கூடாது. முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும். தேய்த்து வைத்த செம்பின் நிறம், மேலே கெட்டியான நுரை. அந்த நுரையிலிருந்து எழுவது, அப்போதுதான் சுட்டெடுத்த ரொட்டியின் மேலோட்டு மணம். இத்தனைக்கும் அதில் இருப்பது தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் பூ, ஈஸ்ட் மட்டுமே.

மணம் பார்லியிலிருந்து வருகிறது. ஊறவைத்து முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட். மேர்ட்சனுக்குச் சேர்க்கும் மியூனிக் மால்ட்டுக்குச் சூட்டைக் கொஞ்சம் கூட்டி உலர்த்துவார்கள். அப்போது தானியத்திலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கூடிப் பழுப்பேறுகின்றன. தோசை ஓரம் முறுகும்போது மணக்கிறதே, அதற்குக் காரணமும் இதே வினைதான்.

ஒரு மிடறு குடித்தால் நாக்கில் முதலில் மால்ட்டின் இனிமை படரும். ஹாப்ஸின் கசப்பு பின்னால் மெல்ல வந்து நிற்கும். விழுங்கியபின் இனிப்பு ஒட்டாது, வாய் சுத்தமாக இருக்கும். எனக்கு இந்தப் பீரின் பெருமையே இதுதான். லாகர் ஈஸ்ட் 10 டிகிரியை ஒட்டிய குளிரில் நிதானமாகச் சர்க்கரையைத் தின்கிறது; பிறகு பீர் வாரக்கணக்கில் இன்னும் கூடுதல் குளிரில் கிடக்கிறது. இளம் பீரில் வீசும் வெண்ணெய் வாடையையும் அந்த ஈஸ்ட்டே உறிஞ்சிக்கொள்கிறது.

குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில், ஜெர்மனியின் பவேரியாவில் கோடையில் காய்ச்சிய பீர் கெட்டுப்போகும். அதனால் 1553-இல் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை காய்ச்சத் தடை வந்தது. மார்ச் மாதத்திலேயே சற்று வலுவாகக் காய்ச்சி நிலவறையில் வைத்தார்கள். ‘மேர்ட்ஸ்’ என்றால் ஜெர்மனில் மார்ச். நிலவறைக்குள்ளே குளங்களில் வெட்டிய பனிக்கட்டி, வெயிலைத் தடுக்க மேலே செஸ்ட்நட் மரங்கள். அந்த நிழலில் மேசை போட்டதிலிருந்து வளர்ந்தவைதான் மியூனிக்கின் பீர் தோட்டங்கள்.

அதே மியூனிக்கின் அக்டோபர்ஃபெஸ்ட் விழா 1810-இல் பவேரிய இளவரசர் லுட்விக், தெரேசா திருமணத்தோடு தொடங்கியது. செம்பு நிற மேர்ட்சன் அங்கே வந்தது 1872-இல். இன்றைய விழாக் கூடாரங்களில் ஒரு லிட்டர் ‘மாஸ்’ குவளையில் வருவது பெரும்பாலும் பொன்னிறமான, இலகுவான பீர். ஆல்கஹால் மட்டும் ஏறக்குறைய 6 சதவீதம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரொட்டி மணம் வேண்டுமென்றால் பழைய செம்பு நிறத்தைத்தான் தேட வேண்டும்.

அதையும் பல் கூசும் குளிர்ச்சியில் குடித்தால் மணம் எழாது. 8 டிகிரி போதும். பாதிக் குவளையைச் சற்று நேரம் மேசையில் விட்டுவைத்து மறுபடி முகர்ந்தால், ரொட்டி மணம் முன்னைவிடத் தூக்கலாக வரும்.