மேலே வரத் தயங்கும் கப்பல்

டீசல் எஞ்சின் ஓடக் காற்று வேண்டும். கடலுக்கடியில் காற்றுக்கு எங்கே போவது? டீசல்-மின்சார நீர்மூழ்கியின் அமைப்பு முழுவதும் இந்தச் சிக்கலுக்கான விடைதான்.

எஞ்சின் ஜெனரேட்டரைச் சுழற்ற, மின்சாரம் பெரிய பேட்டரிகளில் சேர்கிறது. ஆழத்துக்குப் போகும்போது எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். பேட்டரியில் ஓடும் மோட்டார் மட்டும் சுழலியைச் சுற்றும். அணுசக்தி நீர்மூழ்கியில் உலையின் துணைக் கருவிகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் டீசல் நீர்மூழ்கியில் அந்தச் சத்தமும் இல்லை. டார்பிடோவைவிட முக்கியமான ஆயுதம் இந்த அமைதி.

மெதுவாக ஊர்ந்தால் நாள்கணக்கில் தாங்கும் பேட்டரி, முழு வேகத்தில் போனால் ஓரிரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பிறகு நீர்மட்டத்தை ஒட்டி வந்து, ‘ஸ்நார்கெல்’ குழாயை வெளியே நீட்டி, எஞ்சினை ஓட்டி சார்ஜ் ஏற்ற வேண்டும். எஞ்சின் சத்தமும் நீட்டிய குழாயும் கப்பலை எதிரிக்குக் காட்டிக்கொடுக்கும் நேரம் அது. உள்ளேயும் ஆபத்து உண்டு. ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியாகும். காற்றோட்டம் தவறினால் ஒரு பொறி போதும். பேட்டரிக்குள் கடல்நீர் புகுந்தால் குளோரின் என்ற நச்சுவாயு கிளம்பும்.

நம் கடற்படையின் முதல் நீர்மூழ்கி, சோவியத் நாட்டில் கட்டிய ஐ.என்.எஸ். கல்வரி, 1967 டிசம்பர் 8-ல் பணியில் சேர்ந்தது. அதே பெயரில் மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய ஸ்கார்ப்பீன் வகைக் கப்பல் 2017-ல் வந்தது. அந்த வரிசையில் ஆறாவதான வாக்‌ஷீர் 2025 ஜனவரியில் சேர்ந்தது. உள்ளே போய்ப் பார்க்க விரும்புவோருக்கு விசாகப்பட்டினம் கடற்கரையில் பழைய நீர்மூழ்கி குர்சுரா அருங்காட்சியகமாக நிற்கிறது. வட்டத் திறப்புகளில் உடலைக் குறுக்கி நுழைந்து அறைக்கு அறை போகும்போதே மாலுமிகள் பட்ட நெருக்கடி புரியும்.

மூழ்கியிருக்கும் கப்பலுக்கு உத்தரவு எப்படிப் போகும்? சாதாரண வானொலி அலையைக் கடல்நீர் விழுங்கிவிடும். மிகக் குறைந்த அதிர்வெண் அலை மட்டும் சில பத்து மீட்டர் ஆழம்வரை இறங்கும். அந்த அலை ஒவ்வொன்றின் நீளமும் 10 கிலோமீட்டருக்கு மேல்; அதை அனுப்ப மிக உயர்ந்த ஆன்டெனா வேண்டும். மதுரைக்குத் தெற்கே, நாங்குநேரி பக்கத்து விஜயநாராயணத்தில் 1990-ல் தொடங்கிய ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் இந்த வேலையைத்தான் செய்கிறது. அங்குள்ள மிக உயர்ந்த கம்பங்கள் 470 மீட்டரைத் தாண்டும். மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரத்தைப் போல ஒன்பது மடங்கு! செய்தி ஒருவழிதான். நீர்மூழ்கி கேட்கும், அதே வழியில் பதில் அனுப்ப அதனால் முடியாது.

சார்ஜ் ஏற்ற மேலே வரும் தேவையைக் குறைக்க அடுத்த முயற்சி, காற்றே இல்லாமல் மின்சாரம் எடுப்பது. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய எரிபொருள் மின்கலம் 2021-ல் தரையில் நடந்த சோதனையில் தேறியது. இத்தகைய கருவி பொருத்தினால் நீருக்குள் தங்கும் காலம் வாரக்கணக்கில் நீளும். டீசல் நீர்மூழ்கி எவ்வளவு வேகமாகப் போகும் என்பதைவிட, எத்தனை நாள் மேலே வராமல் இருக்கும் என்பதே அதன் திறனைச் சொல்லும்.