குட்டித் தீவில் ஒரு வாரம்... டாக்டர் எத்தனை மைல்?

'இந்த லீவுக்கு எங்கே போகலாம்?' வீட்டில் இந்தப் பேச்சு கிளம்பினாலே ஒரு தனி குஷிதான், இல்லையா? ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் பார்த்தாச்சு. இப்போது பிள்ளைகள் நியூயார்க்கிலும் டொரான்டோவிலும் வேலை பார்க்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் அங்கே போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வருகிறார்கள். "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க. கரீபியன் தீவு ஒண்ணுக்கு ஒரு வாரம் போயிட்டு வரலாம்ப்பா. அஞ்சு மணி நேர ஃப்ளைட்தான்" என்று மகன் ஆரம்பிக்கிறார்.

தாராளமாகப் போகலாம்! ஆனால் டிக்கெட் போடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்விக்கு விடை தெரிந்துகொள்ளுங்கள். 'நாம் தங்கப்போகும் இடத்திலிருந்து ஒரு நல்ல ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?'

'சந்தோஷமாகக் கிளம்பும்போது இது என்ன அபசகுனம்' என்கிறீர்களா? அபசகுனமே இல்லை. இந்த விடை தெரிந்துவிட்டால் எந்த ஊரில் எத்தனை நாள் தங்குவது, யாரைக் கூட்டிப் போவது, பெட்டியில் என்ன வைப்பது என்று மற்ற எல்லாம் தானாகவே முடிவாகிவிடும்.

ஒரு தீவையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் பெக்வே.

ஏழு சதுர மைல் சொர்க்கம்

செயின்ட் வின்சென்ட் அண்டு கிரெனடீன்ஸ் என்ற நாட்டைச் சேர்ந்தது பெக்வே. மொத்தமே 7 சதுர மைல். மக்கள்தொகை சுமார் 5,000. நம் ஊரில் ஒரு பெரிய கல்யாணத்துக்குச் சேரும் கூட்டம்! முக்கிய ஊர் போர்ட் எலிசபெத். அதன் எதிரே கண்ணாடி மாதிரி அட்மிரல்டி விரிகுடா. கரையோரமாகவே நடந்தால் பிரின்சஸ் மார்கரெட் பீச், அதைத் தாண்டினால் லோயர் பே. பொம்மைப் படகு செதுக்குகிற பட்டறைகள். அவசரமே இல்லாத மனிதர்கள்.

தலைநகர் கிங்ஸ்டவுன் இருக்கும் பெரிய தீவான செயின்ட் வின்சென்டிலிருந்து பெக்வே 9 மைல். ஃபெர்ரி படகில் ஒரு மணி நேரம். இங்கேதான் நம் கேள்விக்கு விடை இருக்கிறது.

பெக்வேயில் இருப்பது ஒரு சிறிய ஆஸ்பத்திரி. காய்ச்சல், சின்னக் காயம், வயிற்றுப்போக்கு என்றால் அங்கே பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் கடல் தாண்டி கிங்ஸ்டவுனில் உள்ள மில்டன் கேட்டோ நினைவு மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். இன்னும் பெரிய சிகிச்சை என்றால் பார்படாஸ் போன்ற வேறு தீவுக்கு விமானத்தில்! மாலைக்குப் பிறகு வழக்கமான ஃபெர்ரியும் கிடையாது.

ராத்திரி 11 மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சை அடைக்கிறது என்று வையுங்கள். சென்னையில் என்றால் ஆட்டோவோ ஆம்புலன்ஸோ பிடித்து அரை மணியில் போய்ச் சேர்ந்துவிடலாம். அங்கே தனிப் படகு ஏற்பாடு செய்து, இருட்டில் கடலைக் கடக்க வேண்டும். அதனால்தான் இந்தக் கணக்கை ஊரிலேயே போட்டுவிடச் சொல்கிறோம்.

யார் போகலாம், யார் தள்ளிப்போடலாம்?

சர்க்கரையும் பிளட் பிரஷரும் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள், தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தாராளமாகப் போகலாம்.

சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், ஆஞ்சியோபிளாஸ்டியோ பைபாஸோ செய்துகொண்டவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், அடிக்கடி மூச்சுத்திணறல் வருபவர்கள், பிரசவம் நெருங்கும் பெண்கள்... இவர்களுக்குக் குட்டித் தீவு இப்போது வேண்டாம். கடல்தானே பார்க்க வேண்டும்? பார்படாஸ் போன்ற, பெரிய மருத்துவமனை உள்ள தீவாகப் பார்த்துப் போகட்டும். அதுவும் டாக்டர் 'சரி' என்ற பிறகு.

நடுவே ஒரு வழியும் இருக்கிறது. பெரிய தீவில் நாலு நாள் தங்கிக்கொண்டு, காலை ஃபெர்ரியில் பெக்வே போய் மாலை ஃபெர்ரியில் திரும்பிவிடுங்கள். தீவையும் பார்த்த மாதிரி ஆச்சு, ராத்திரி பயமும் இல்லை!

எந்த மாதம்?

ஜனவரி முதல் மே வரை மழை குறைவு. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் சீசன். இதை லேசாக நினைக்காதீர்கள். 2024 ஜூலை 1 அன்று வீசிய பெரில் புயல், பெக்வேக்குத் தெற்கே உள்ள யூனியன் தீவில் பெரும்பாலான வீடுகளைச் சேதப்படுத்திவிட்டது. சீசன் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது! 'ஆஃப் சீசன், பாதி வாடகை' என்று ஆசை காட்டுவார்கள். ஆனால் புயல் வந்தால் ஃபெர்ரியும் விமானமும் நின்றுவிடும், மருந்தும் வராது. விலையும் குறைய வேண்டும், வானமும் தெளிவாக இருக்க வேண்டும் என்றால் ஏப்ரல் கடைசியும் மே மாதமும் நல்லது.

கிளம்ப ஆறு வாரம் இருக்கும்போதே...

* குடும்ப டாக்டரைப் பாருங்கள். மருந்துச் சீட்டில் மாத்திரையின் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். நம் ஊர் பிராண்ட் பெயர் அங்கே யாருக்கும் புரியாது.

* ஒரு வாரப் பயணம் என்றால் இரண்டு வாரத்துக்கு மாத்திரை. அதையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைக் கைப்பையில் வையுங்கள். இன்சுலினைச் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. விமானத்தின் அடிப்பகுதிக் குளிரில் உறைந்து வீணாகிவிடலாம்.

* இன்ஷூரன்ஸ்! அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ எடுத்த பாலிசி மூன்றாவது நாட்டில் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நோயாளியை வேறு தீவுக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவு அதில் அடங்குமா என்று பாருங்கள். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இதயக் கோளாறை மறைத்து பாலிசி எடுத்தால், கடைசியில் ஒரு பைசாவும் கிடைக்காமல் போகலாம்.

* விசா விஷயம். தீவுக்குள் நுழையும் விதியை மட்டும் பார்த்தால் போதாது. நியூயார்க்கில் விமானம் மாறினால்கூட இந்தியர்களுக்கு அமெரிக்க விசா வேண்டும். பிள்ளைகள் வீட்டிலிருந்து போகிறவர்கள், உங்கள் விசா திரும்ப நுழைய அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

* டிரினிடாடில் இரண்டு நாள் தங்கி வரலாம் என்று திட்டமா? அந்தத் தீவு மஞ்சள் காய்ச்சல் அபாயப் பட்டியலில் உள்ளது. தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து இந்தியா திரும்பினால், விமான நிலையத்திலிருந்தே 6 நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசி ஒத்துக்கொள்ளுமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

* குழந்தைகளின் பெட்டியில் ராணுவ உடை மாதிரிப் பச்சைத் திட்டுத் திட்டான சட்டை, டிரவுசர் இருந்தால் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். அந்த நாட்டில் பொதுமக்கள் அதை உடுத்துவது சட்டப்படி குற்றம். குழந்தைகளுக்கும் விலக்கு இல்லை!

பயண நாள்

விமானத்தில் மணிக்கு ஒரு தரம் எழுந்து நடங்கள். உட்கார்ந்தபடியே கணுக்காலைச் சுழற்றுங்கள். கால் நரம்பில் ரத்தம் உறைவதைத் தடுக்க இது உதவும். இந்தியாவைவிட அங்கே நேரம் ஒன்பதரை மணி பின்னால். சென்னையிலிருந்தே கிளம்புகிறவர்கள், இன்சுலினையும் மாத்திரையையும் எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று டாக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விமானம் இறங்கும் ஆர்கைல் விமான நிலையம் 2017-ல் திறந்தது. அங்கிருந்து டாக்ஸியில் கிங்ஸ்டவுன் துறைமுகம் போய் ஃபெர்ரி பிடிக்க வேண்டும். விமானம் மாலையில் இறங்குகிறதா? அடித்துப் பிடித்து ஓடாதீர்கள். அன்று இரவு கிங்ஸ்டவுனிலேயே தூங்கி எழுந்து, காலையில் போகலாம். வழியில் கடல் கொஞ்சம் ஆட்டும். குமட்டல் உள்ளவர்கள் டாக்டர் சொன்ன மாத்திரையை ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொண்டு, காற்றுப் படும் இடத்தில் உட்கார்ந்து, தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

சென்னை வெயில், ஆனால் சுடாது!

பெக்வே ஏறக்குறைய 13-வது வட அட்சரேகையில் இருக்கிறது. நம் சென்னையும் அதே கோட்டில்தான்! அதனால் வெயிலும் அதே வெயில். ஆனால் ஓயாமல் வீசும் கடற்காற்று சூட்டையே தெரியவிடாது. வியர்வையும் உடனே காய்ந்துவிடும். 'ஜில்லென்று இருக்கே' என்று உட்கார்ந்திருப்பவருக்குச் சாயந்திரம் தலைவலி, மயக்கம். ஏன்? உடம்பில் நீர் வற்றிவிட்டது. தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள். 11 மணியிலிருந்து 3 மணி வரை நிழலில் இருங்கள்.

அந்தத் தீவில் ஆறு கிடையாது. வீட்டுக்கு வீடு கூரை மழைநீரைத் தொட்டியில் பிடித்துத்தான் புழங்குகிறார்கள். குடிக்கப் பாட்டில் தண்ணீர் அல்லது கொதித்து ஆறிய நீர். குளிக்கும்போது சிக்கனம்!

கடலில் இறங்கும் முன்

மேற்குக் கரை சாது. பிரின்சஸ் மார்கரெட் பீச், லோயர் பே எல்லாம் அந்தப் பக்கம்தான். கிழக்கே ஹோப் பே போன்ற இடங்களில் அட்லாண்டிக் கடல் முரட்டுத்தனமாக இழுக்கும். அங்கே பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓடிவந்து காப்பாற்ற ஆள் இருப்பார் என்று நினைக்க வேண்டாம். நீரோட்டம் இழுத்தால் எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாக நீந்தி வெளியேற வேண்டும்.

2011 முதல் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி கரீபியன் கரைகளில் குவியலாக ஒதுங்குகிறது. அது அழுகினால் முட்டை நாற்றம் வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் கிட்டே போகக் கூடாது.

இன்னொரு எதிரி மான்சினீல் மரம். கரையோரத்தில் நிழலோடு நிற்கும். குட்டிப் பச்சை ஆப்பிள் மாதிரி காய். கடித்தால் வாயும் தொண்டையும் வெந்துவிடும். அதன் பால் பட்டால் கொப்புளம். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால், இலையிலிருந்து சொட்டும் நீரே புண்ணாக்கும். 'தெரியாத காயைத் தொடாதே' என்று பிள்ளைகளுக்குப் போன அன்றே சொல்லிவிடுங்கள். பட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, உடனே டாக்டரிடம்.

நம்ம ஊர்க் கொசுவேதான்!

பகலில் கடிக்கும் டெங்குக் கொசு அங்கேயும் உண்டு. 2013 கடைசியில் சிக்குன்குனியாவும், அடுத்து ஜிகாவும் கரீபியன் தீவுகளுக்கு வந்து சேர்ந்தன. கொசு விரட்டிக் களிம்பு, முழுக்கைச் சட்டை கட்டாயம். கர்ப்பிணிகளும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் ஆகாது. இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள், அப்போது என்ன செய்வது என்று கிளம்பும் முன்பே கேட்டு வையுங்கள்.

என்ன சாப்பிடலாம்?

சைவக்காரர்கள் பயப்படவே வேண்டாம். 1861 ஜூன் 1 அன்று மதராஸிலிருந்து 'டிராவன்கோர்' என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளோடு செயின்ட் வின்சென்ட் கரையைத் தொட்டது. இன்றும் அங்கே உருளைக்கிழங்குக் கறி வைத்துச் சுருட்டிய ரொட்டி கிடைக்கிறது. சேப்பங்கீரை சூப், வாழைக்காய், சேம்பு, துவரைச் சோறு, சுட்ட சீமைப்பலா எல்லாம் உண்டு. ஆனால் சர்க்கரை உள்ளவர்களே... கிழங்கு, வாழைக்காய், சோறு மூன்றையும் ஒரே தட்டில் வைப்பது அந்த ஊர் வழக்கம். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அசைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பவளப்பாறைகளில் வேட்டையாடும் சீலா போன்ற பெரிய மீன்களில் சிகுவடெரா என்ற நஞ்சு இருக்கலாம். வாசனை இல்லை, ருசி இல்லை. வேகவைத்தாலும் போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, உதடு மரத்துப்போதல், ஜில்லென்ற நீர் சுடுவது போன்ற உணர்வு... இவைதான் அடையாளம். சீலாவைத் தவிர்த்துவிடுங்கள். மற்ற பெரிய மீன் என்றால் உள்ளூர்க்காரர்கள் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுச் சாப்பிடுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை

பெட்டியை வைத்ததும் கடலுக்கு ஓடாதீர்கள். தங்கும் வீட்டுக்காரரிடம் மூன்று விஷயம் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். ஆஸ்பத்திரி போன் நம்பர், டாக்ஸிக்காரர் நம்பர், ராத்திரியில் அவசரத்துக்குப் படகு விடுபவர் நம்பர். கீழே உங்கள் இன்ஷூரன்ஸ் நம்பர். நெஞ்சு வலியோ, வாய் கோணலோ, கை கால் தளர்ச்சியோ வந்தால் 'வாய்வுதான், விடியட்டும்' என்று சோடா குடித்துக் காத்திருக்கக் கூடாது. ஊரில் ஒரு மணி நேரம் தாமதித்தாலே ஆபத்து. அங்கே நடுவில் ஒரு கடலே இருக்கிறது!

தாளை ஒட்டியாச்சா? இனி செருப்பைக் கழற்றிவிட்டு, மணலில் இறங்குங்கள். அம்மாவையும் கைப்பிடித்துக் கூட்டிப் போங்கள். முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்று சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க, எந்த டாக்டரும் 'வேண்டாம்' என்று சொல்ல மாட்டார்!