மிசிசிப்பி: ஊற்று முதல் கடல் வரை



ஓர் ஆற்றை அறிய வேண்டுமாயின், அதன் ஒரு கரையில் நின்று பார்த்தால் போதாது. அது பிறக்கும் இடத்திலிருந்து கடலிற் கலக்கும் இடம் வரை அதனுடன் செல்லுதல் வேண்டும். வட அமெரிக்காவின் நிலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, மிசிசிப்பி ஆற்றுடன் நாம் இன்று அத்தகைய பயணம் ஒன்றை மேற்கொள்வோம்.

பெயரும் பிறப்பும்

ஓஜிப்வே என்னும் பழங்குடி மக்களின் மொழியில் 'மிசி' என்றால் பெரிய, 'சீபி' என்றால் ஆறு. பேராறு என்பதே இப்பெயரின் பொருள். மினசோட்டா மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 450 மீட்டர் உயரத்தில் உள்ள இட்டாஸ்கா ஏரியில் இவ்வாறு பிறக்கின்றது. அங்கே அதன் அகலம் மிகக் குறைவே. வரிசையாகக் கிடக்கும் கற்களின் மீது கால் வைத்துச் சிறுவர்களும் அதனைக் கடந்துவிடலாம்!

1832ஆம் ஆண்டில் ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் என்பவர் இவ்வேரியை ஆற்றின் தலைப்பிடம் என உலகுக்கு அறிவித்தார். ஆனால் அவரை அங்கு அழைத்துச் சென்றவர் ஓசாவிண்டிப் என்னும் ஓஜிப்வே வழிகாட்டியே. அம்மக்கள் அதனை எல்க் மான் ஏரி என்று தம் மொழியில் அழைத்து வந்தனர். ஸ்கூல்கிராஃப்டோ, 'உண்மையான தலை' எனப் பொருள்படும் 'வெரிட்டாஸ் காபுட்' என்ற இலத்தீன் சொற்களின் முன்னும் பின்னும் எழுத்துகளை நீக்கி, 'இட்டாஸ்கா' என்ற புதுப்பெயரை ஆக்கினார். ஆறு தன் பழம்பெயரைக் காத்துக்கொண்டது, ஏரியோ இழந்தது. மொழி பயிலும் நாம் இதனை மனத்திற் கொள்ளத்தக்கது.

படிப்படியாக இறங்கும் ஆறு

தெற்கே செல்ல வேண்டிய ஆறு முதலில் வடக்கு நோக்கிப் பாய்கின்றது. பின்னர் வளைந்து திரும்பி மினியாபொலிஸ் நகரை அடைகின்றது. இப்பேராற்றின் ஒரே பெரிய அருவியாகிய செயின்ட் அந்தோணி அருவி இங்குதான் உள்ளது. அதன் விசையால் இயங்கிய ஆலைகளே, 1880 முதல் 1930 வரை இந்நகரை மாவரைக்கும் தொழிலின் தலைநகராக்கின.

இங்கிருந்து செயின்ட் லூயிஸ் வரை 29 இடங்களில் அணைகளும் 'லாக்' எனப்படும் நீரறைகளும் கட்டப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை 1930களில் எழுந்தவை. லாக் என்பது இரு புறமும் கதவுகள் கொண்ட நீண்ட தொட்டி. படகு உள்ளே நுழைந்ததும் மேற்கதவை மூடி நீரை வடியவிடுவர். படகு நீருடன் மெல்லத் தாழும். கீழ்மட்டத்தை அடைந்ததும் கீழ்க்கதவு திறக்கப்படும். மாடிப்படியில் இறங்குவது போலப் படகு இறங்குகின்றது எனலாம். இவ்வழியே ஒரே இழுவைக் கப்பல் 15 சரக்குப் படகுகளைச் சேர்த்துத் தள்ளிச் செல்கின்றது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,500 டன் சோளமோ சோயாவோ சுமக்க வல்லது.

வழியில் ஹானிபல் என்னும் சிற்றூர். எழுத்தாளர் மார்க் ட்வெயின் வளர்ந்த ஊர் இதுவே. சாமுவேல் கிளெமென்ஸ் என்பது அவர் இயற்பெயர். நீராவிக் கப்பல் மாலுமியாக 1859இல் உரிமம் பெற்றவர் அவர். 'மார்க் ட்வெயின்' என்பது ஆழம் பார்ப்போர் எழுப்பும் குரல். 12 அடி ஆழம் உண்டு, கப்பல் அஞ்சாது செல்லலாம் என்பது அதன் பொருள்.

சேரும் ஆறுகளும் சீறிய வெள்ளமும்

செயின்ட் லூயிசுக்கு வடக்கே மிசூரி ஆறு வண்டலைச் சுமந்து வந்து கலக்கின்றது. கெய்ரோ என்னும் ஊரில் ஒஹாயோ ஆறு பெருநீருடன் வந்து சேர்கின்றது. அமெரிக்காவின் 31 மாநிலங்களிலும் கனடாவின் 2 மாகாணங்களிலும் பெய்யும் மழையின் ஒரு பகுதி இறுதியில் இவ்வொரே ஆற்றை வந்தடைகின்றது.

அவ்வளவு நீரையும் உயர்ந்த மண்கரைகளுக்குள் அடக்கிவிடலாம் எனப் பொறியியலாளர் நம்பினர். 1927ஆம் ஆண்டு அந்நம்பிக்கை உடைந்தது. கரைகள் பல இடங்களில் உடைந்து, ஏறத்தாழ 70,000 சதுர கிலோமீட்டர் நிலம் நீரில் மூழ்கியது. ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். கறுப்பின உழவர்கள் கரைமேட்டு முகாம்களில் தடுத்து வைக்கப்பட்டு, கட்டாய வேலை வாங்கப்பட்டனர். வெள்ளம் வடிந்த பின் அவர்களுட் பலர் வட நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். 1928இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. கரைகளை உயர்த்தியதோடு, மிகுநீர் வழிந்தோட வாய்க்கால்களும் அமைக்கப்பட்டன.

கரையும் கழிமுகம்

இவ்விடத்தில் ஒரு வினா எழும். ஊர்களைக் காத்த கரைகள் நிலத்தையும் காத்தனவா? இல்லை என்பதே விடை. லூசியானாவின் கழிமுக நிலம் முழுவதும் ஆண்டுதோறும் வெள்ளம் பரப்பிய வண்டலால் உருவானது. அம்மென்மண் இயல்பாகவே மெல்லத் தாழும். புது வண்டலே அதனை மீண்டும் உயர்த்தும். கரைகள் வெள்ளத்தைத் தடுத்தபோது வண்டலையும் தடுத்தன. மேலாற்று அணைகளும் வண்டலைப் பிடித்து வைத்தன. எண்ணெய்த் தொழிலுக்கென வெட்டப்பட்ட கால்வாய்கள் வழியே உப்புநீர் சதுப்புக்குள் புகுந்தது. விளைவாக, 1930கள் முதல் ஏறத்தாழ 5,000 சதுர கிலோமீட்டர் நிலம் கடலுக்குள் மறைந்துவிட்டது.

ஆற்றின் வண்டலை மீண்டும் சதுப்புக்குத் திருப்பும் பெருந்திட்டம் ஒன்று 2023இல் தொடங்கப்பட்டது. ஆயின் நன்னீர் புகுந்தால் சிப்பியும் இறாலும் அழியும் என மீனவர் அஞ்சினர், செலவும் பெருகியது. 2025இல் அது கைவிடப்பட்டது. நிலமா, பிழைப்பா என்ற இவ்வழக்கில் இரு பக்கமும் நியாயம் உண்டு என்பதே இதன் துன்பம்.

இட்டாஸ்காவில் இன்று புறப்படும் ஒரு துளி நீர், 10 மாநிலங்களைத் தொட்டு, ஏறத்தாழ 3,770 கிலோமீட்டர் கடந்து மெக்சிக்கோ வளைகுடாவை அடைய 90 நாட்கள் அளவில் ஆகும் என்பர். நம் பள்ளியின் ஒரு தவணைக்கு ஒப்பான காலம் அது! மேற்கே ஓரிடத்தில் எழுப்பிய அணை, தெற்கே கடலோரத்தில் ஒருவர் வீட்டு முற்றத்தைக் குறைக்கின்றது. ஆறு முழுவதும் ஒன்றே என்பதை, அதன் நீளம் முழுவதும் சென்றோர் மறவார். நாமும் மறவாதிருப்போமாக!