சிலாபத்துச் சட்டியில் பாதி மெக்சிகோ

கொழும்பிலிருந்து புத்தளம் போகும் வீதியில் வென்னப்புவ, மாரவில, சிலாபம் என்று ஊர்கள் வரும்போது தென்னந்தோப்புகளும் தேவாலயங்களும் மாறி மாறி வரும். போர்த்துக்கேயர் காலத்தில் கத்தோலிக்கம் வேரூன்றிய கரை இது. 1939 முதல் சிலாபம் தனி மறைமாவட்டமாகவும் இருக்கிறது. நத்தாரோ ஊர்த் திருநாளோ வந்தால் இங்கே பல வீடுகளில் பன்றி இறைச்சிக் கறி அடுப்பில் ஏறும். இன்னும் வடக்கே, புத்தளத்திலும் கற்பிட்டியிலும் உள்ள முஸ்லிம் வீடுகளில் அந்த இறைச்சிக்கு இடமில்லை. ஆனால் இங்கே நான் சொல்லப்போகும் வேதியியலில் பெரும்பகுதி அவர்களுடைய மாட்டிறைச்சிக் கறிக்கும் பொருந்தும்.

இந்தப் பன்றிக் கறி நிறத்தில் ஏறக்குறையக் கறுப்பு. கருக வறுத்த தூள், மிளகு, செத்தல் மிளகாய், உள்ளி, இஞ்சி, கறுவா, இரம்பை எல்லாம் சேரும். இவற்றுக்கு மேலாகக் கொறுக்காய்ப்புளி. குமரி மாவட்டத்தார் குடம்புளி என்று மீன்குழம்பில் போடுவதற்கு நெருங்கிய உறவு இது. பள்ளிக்கூட வாசலில் விற்கும் கொடுக்காய்ப்புளியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது வேறு மரம். காய்ந்த கொறுக்காய் கறுத்துச் சுருங்கிச் செருப்புத் தோல் போலக் கிடக்கும். வெந்நீரில் ஊறவைத்து அம்மியில் அரைத்தால் வழவழவென்று கரிய விழுதாகும். இறைச்சியில் அதைப் பூசிச் சற்று நேரம் வைத்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவார்கள்.

உலகத்தின் மறுபக்கம், மெக்சிகோவிலும் அதையொட்டிய அமெரிக்க மாநிலங்களிலும், இதே இறைச்சியைப் பச்சை நிறத்தில் சமைக்கிறார்கள். அங்கே புளிப்புக்கு டொமாட்டியோ. தமிழ்நாட்டில் பிள்ளைகள் நெற்றியில் அடித்து வெடிக்கவைக்கும் சொடக்குத் தக்காளியின் பேரினத்தைச் சேர்ந்தது, ஆனால் அளவில் பெரியது. காகிதம் போன்ற உறையை உரித்தால் உள்ளே பச்சைக் காய், கையில் ஒட்டும் பிசினோடு இருக்கும். அதைக் கழுவி, தோல் கருகும்வரை சுட்டு, பச்சை மிளகாய், உள்ளி, கொத்தமல்லித் தழையோடு அரைத்து, பொன்னிறமாக வதக்கிய பன்றித் துண்டுகள் மேல் ஊற்றி, சிறுதீயில் இரண்டு மணி நேரம் விடுவார்கள். அந்தக் காகித உறை லேசுப்பட்டதல்ல. அர்ஜென்டினாவின் பட்டகோனியாவில் 5 கோடியே 20 இலட்சம் ஆண்டுப் பழமையான பாறையில், உறையோடு கூடிய இப்படிப்பட்ட காயின் புதைபடிவம் கிடைத்ததாக 2017இல் அறிவித்தார்கள்.

கறுப்புச் சட்டியும் பச்சைச் சட்டியும் ஒரே வேலையைச் செய்கின்றன. பன்றியின் தோள்பகுதி நாளெல்லாம் உடலைத் தாங்கி உழைத்த தசை. அதைக் கட்டிப்பிடித்திருப்பது கொலாஜன், மூன்று இழைகள் முறுக்கிய ஒரு புரதம். 60 பாகை செல்சியஸ் தாண்டியதும் அது சுருங்கித் தசையிலுள்ள நீரைப் பிழிந்து வெளியேற்றும். அரைமணியில் எடுத்துக் கடித்தால் சவ்வாக இழுப்பது அதனால்தான். அவசரக்காரர் அங்கே தோற்கிறார். 70 பாகைக்கு மேல் பொறுமையாக வைத்திருந்தால் முறுக்கு அவிழ்ந்து கொலாஜன் ஜெலட்டினாகக் கரையும். மிச்சக் கறியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் திறந்து பாருங்கள். மேலே வெள்ளைக் கொழுப்பு உறைந்திருக்கும், அதன் கீழே தளதளவென்று பழுப்புக் கட்டி நிற்கும். நேற்றுவரை தசையைக் கட்டியிருந்த கொலாஜன்தான் இன்று அந்தக் கட்டி.

புளி இந்த வேலைக்கு உதவும், ஆனால் அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அறுத்த பன்றி இறைச்சியின் அமிலக் குறியீடு (பி.எச்.) 5.6 அளவில் நிற்கும். சிறிது புளிப்பேறி 5.2க்கு வந்தால் தசைப் புரதங்களின் மின்னேற்றங்கள் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும். இழைகள் நெருங்கும், நீர் தங்க இடமிராது. இன்னும் புளிப்பேற்றி 4 அளவுக்கு இறக்கினால் மின்னேற்றம் ஒரே பக்கம் சாயும். இழைகள் ஒன்றையொன்று தள்ளி விலகும், நீர் உள்ளே புகும், கொலாஜனும் ஊதி இளகும். ஒப்புக்கு நாலு சொட்டு எலுமிச்சை பிழிவதைவிடப் பிழியாமலே விடலாம் என்பது என் கட்சி. புளி இறைச்சிக்குள் மெதுவாகத்தான் இறங்கும் என்பதால் துண்டுகள் சிறிதாக இருக்க வேண்டும்.

அதே புளி காய்கறிக்கு நேர் எதிர். செடியின் செல்களை ஒட்டவைக்கும் பெக்டின், 4ஐ ஒட்டிய புளிப்பில்தான் மிக உறுதியாக இருக்கும். உருளைக்கிழங்கையும் அவரை விதையையும் புளிக்குழம்பில் பச்சையாகப் போட்டால் எவ்வளவு கொதித்தாலும் கறுக்கென்று நிற்கும். தனியே வேகவைத்துச் சேர்ப்பதே வழி.

கொறுக்காயில் இருக்கும் அமிலம் என்ன என்பது வெகுகாலம் தவறாகவே சொல்லப்பட்டு வந்தது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் லூயிஸ், நீலகண்டன் இருவரும் 1965இல் அது ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலம் என்று நிறுவினார்கள். பிற்காலத்தில் அதையே மாத்திரையாக்கி உடல் மெலிய மருந்து என்று உலகம் முழுக்க விற்றார்கள். 135 பேரிடம் 12 வாரம் சோதித்து 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இதைச் சாப்பிட்டவர்கள் கூடுதலாக மெலியவில்லை. கொறுக்காயின் இடம் சட்டிதான்.

இனி உறைப்பு. மிளகாயின் உறைப்பு விதையில் இல்லை, விதையைத் தாங்கும் வெள்ளைத் தண்டில் கெப்சைசின் என்ற பொருளாக ஊறுகிறது. அது நாக்கில் எதைத் தொடுகிறது என்பதை டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997இல் கண்டார்கள். 2021இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்த ஏற்பியின் பெயர் டி.ஆர்.பி.வி.1. 43 பாகைக்கு மேற்பட்ட சூடு பட்டால் அடிக்கும் எச்சரிக்கை மணி என்று வைத்துக்கொள்ளலாம். கெப்சைசின் சூடே இல்லாமல் அந்த மணியை அடித்துவிடுகிறது. மிளகிலுள்ள பைப்பரினும் அதையே அடிக்கிறது. புளிப்போ அந்த மணியை இன்னும் லேசான தொடுதலுக்கே ஒலிக்கும்படி செய்துவிடுகிறது. அடுப்பிலிருந்து இறக்கிய சூடு, செத்தல் மிளகாய், மிளகு, கொறுக்காய் என நான்கும் ஒரே கயிற்றைப் பிடித்து இழுக்கும்போது சிலாபத்துக் கறிக்குக் கண்ணில் நீர் வராமல் எப்படி இருக்கும்? தண்ணீர் குடித்தும் பயனில்லை. கெப்சைசின் நீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். ஒரு வாய் தயிர் எவ்வளவோ மேல்.

பறவைகளுக்கு இந்த மணி மிளகாய்க்கு ஒலிப்பதில்லை. பாலூட்டிகள் விதையைக் கடித்து நொறுக்கிவிடும், பறவைகளோ விழுங்கி முழுதாக எச்சத்தில் விடும். செடி தனக்கு வேண்டாதவரை விரட்டவே உறைப்பைச் சுரக்கிறது என்பதற்கு அரிசோனாவில் நடத்திய ஆய்வு ஒன்று 2001இல் சான்று தந்தது. பாலூட்டிகளில் மனிதன் மட்டும் அந்த விரட்டலையே ருசியாக்கிக்கொண்டு உலகமெங்கும் விதையைக் கொண்டுபோனான்.

ஸ்பானியர்கள் 1493இல் அட்லாண்டிக் கடல் தாண்டிப் பன்றியைக் கொண்டுபோனார்கள். அதற்குமுன் மெக்சிகோவின் பச்சைச் சட்டியில் பன்றி கிடையாது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயக் கப்பல்கள் மிளகாயை இந்தப் பக்கம் கொண்டுவந்தன. அதற்குமுன் நம் சட்டியில் உறைப்புக்குப் பெரும்பாலும் மிளகுதான். ஆளுக்குப் பாதி கைமாறிய கதை இது. பிறகு டொமாட்டியோ மட்டும் ஏன் கப்பலேறி வந்து இங்கே நிலைக்கவில்லை? என் ஊகம் இரண்டு. புளிப்புக்கு நமக்குப் பஞ்சமே இருந்ததில்லை: புளி, கொறுக்காய், எலுமிச்சை, தென்னங்கள்ளைப் புளிக்கவைத்து எடுக்கும் வினாகிரி எல்லாம் வீட்டிலேயே கிடந்தன. மற்றது செடியின் குணம். மிளகாய் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், ஒரு காய்ந்த வற்றலின் விதை போதும் ஒரு தோட்டத்துக்கு. டொமாட்டியோ தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது.

இங்கே டொமாட்டியோ கிடைக்காது என்பதற்காக அந்தப் பச்சைக் கறியைக் கைவிட வேண்டியதில்லை. பழுக்காத பச்சைத் தக்காளியைச் சுட்டு அரைத்து, கடைசியில் தேசிக்காய்ப் புளி தாராளமாக விட்டால் ருசி கிட்டத்தட்ட வந்துவிடும். புளி விழும் சட்டி மண்ணாகவோ எவர்சில்வராகவோ இருக்கட்டும், அலுமினியம் வேண்டாம். புளி பன்றி நாடாப்புழுவைக் கொன்றுவிடும் என்று நம்பி வேக்காட்டைக் குறைக்காதீர்கள், அதைக் கொல்வது நெருப்புதான். வெளிநாட்டிலிருக்கும் உறவினர் வீட்டில் டொமாட்டியோ விதை போட்டால், ஒற்றைச் செடியோடு நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். பூத்துக் குலுங்கும், காய்க்காது. குறைந்தது இரண்டு செடி வேண்டும்.