மெய்நிகர் கணினி – 9: சிக்கிய இடத்தைச் சொல்லுங்கள்

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டப்படி, கணினிப் பொறியியல் மாணவர்களுக்கு ஏழாவது செமஸ்டரில் கிளவுட் கம்ப்யூட்டிங் லேப் இருந்தது. விண்டோஸ் 7 அல்லது 8-இன் மேல் விர்ச்சுவல்பாக்ஸோ வி.எம்.வேர் ஒர்க்ஸ்டேஷனோ நிறுவி, அதற்குள் இன்னொரு இயங்குதளத்தை ஓட்டிக் காட்டுவது முதல் பயிற்சி. 2017-இல் சேர்ந்தவர்கள் அந்த லேபுக்கு வந்தது 2020-இன் பிற்பாதியில். விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் அந்த ஆண்டு ஜனவரி 14-ஆம் தேதியே முடித்துக்கொண்டது.

பாடத்திட்டம் மாற ஆண்டுகள் ஆகும். அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் அதை வைத்து ஒவ்வொரு துறையும் தானே எழுதிக்கொள்ளும் லேப் மேனுவலை வருடாவருடம் திருத்தலாம். தாம்பரம், வண்டலூர், படப்பை வட்டாரத்து இணைப்புக் கல்லூரிகளில் மாணவர்கள் ரெக்கார்டு நோட்டில் எழுதுவது இந்த மேனுவலைப் பார்த்துத்தான்.

மாணவர் எங்கே சிக்குகிறார்? மேனுவலில் 'ஸ்டார்ட் பட்டனை அழுத்தவும்' என்றிருக்கும். அழுத்தினால், வி.டி.-எக்ஸ் முடக்கப்பட்டுள்ளது என்று ஒரு பிழைச்செய்தி வந்து நிற்கும். ஒரே புராசசருக்குள் இன்னொரு கணினியை ஓட்டுவதற்கு இன்டெல் தரும் வசதி அது. பல லேப்டாப்களில் அதை பயாஸுக்குள் போய்த்தான் இயக்க வேண்டும். டெல் என்றால் எஃப்2, ஹெச்.பி. என்றால் எஃப்10. ஏ.எம்.டி. புராசசர் உள்ள போர்டுகளில் அதே வசதி 'எஸ்.வி.எம். மோட்' என்ற பெயரில் இருக்கும்.

அதையும் தாண்டினால், விர்ச்சுவல்பாக்ஸ் திரையின் கீழ்மூலையில் ஒரு குட்டி ஆமைப் படம் தெரியலாம். விண்டோஸின் சொந்த மெய்நிகராக்க மென்பொருளான ஹைப்பர்-வி ஏற்கெனவே அந்த வசதியைப் பிடித்து வைத்திருக்கிறது, அதனால் விர்ச்சுவல்பாக்ஸ் மெதுவாக ஓடுகிறது என்று பொருள். மாணவர் ஹைப்பர்-வியை நிறுவியிருக்கவே மாட்டார். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'மெமரி இன்டெக்ரிட்டி' ஆன் ஆகியிருந்தாலே போதும், இப்படி ஆகும்.

மேனுவல் எழுதியவர் கண்ணில் இவை படாததற்குக் காரணம் அலட்சியம் இல்லை. அவர் கணினியில் பயாஸ் எப்போதோ சரிசெய்யப்பட்டுவிட்டது. எல்லாம் ஓடுகிற கணினியில் உட்கார்ந்து எழுதுபவருக்கு ஓடாத கணினியின் வழி தெரியாது. அது தெரிந்தவர் வாசகர் ஒருவர்தான்.

ஐ.பி.எம். இதைப் புரிந்து வைத்திருந்தது. 1972 ஆகஸ்டில் அது அறிவித்த வி.எம்/370, மெய்நிகர் கணினிகளை வணிக உலகுக்குக் கொண்டுவந்த மென்பொருள். அதன் கையேடுகளின் கடைசியில் வாசகர் கருத்துப் படிவம் ஒன்று இருக்கும். கிழித்து, மடித்து, அமெரிக்காவுக்குள் தபால்தலை ஒட்டாமலே அனுப்பலாம். மறுபதிப்பில் மாறிய வரிகளுக்குப் பக்கத்தில் ஒரு செங்குத்துக் கோடு போட்டிருப்பார்கள். எது திருந்தியது என்பது வாசகருக்கு ஒரே பார்வையில் தெரியும். லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டும் தன் மெய்நிகராக்கக் கையேடுகளின் முன்னுரையிலேயே பிழைகளைத் தெரிவிக்கக் கேட்டது. பிரிவு எண்ணையும் சுற்றியுள்ள வரிகளையும் சேர்த்து எழுதுங்கள் என்றும் சொன்னது.

அந்த வேண்டுகோளில் ஒரு பாடம் இருக்கிறது. 'மேனுவல் சரியில்லை சார், எதுவும் வேலை செய்யல' என்றால் ஆசிரியரால் ஒன்றும் செய்ய முடியாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'பயிற்சி 1, படி 6. விண்டோஸ் 11, விர்ச்சுவல்பாக்ஸ் 7. ஸ்டார்ட் அழுத்தியதும் வி.டி.-எக்ஸ் இல்லை என்று வந்தது. பயாஸில் ஆன் செய்ததும் ஓடியது.' எந்தப் படி, எந்தப் பதிப்பு, என்ன செய்தீர்கள், என்ன வந்தது, எப்படித் தீர்ந்தது என்ற ஐந்தும் இதில் அடங்கிவிட்டன. தீர்வு தெரியாவிட்டாலும் முதல் நான்கை எழுதுங்கள்.

திருத்துபவருக்கும் ஒரு வேலை உண்டு. கடைசியில் 'பொதுவான பிழைகள்' என்று ஒரு பக்கம் சேர்த்தால் போதாது, சிக்கியவர் அதுவரை புரட்ட மாட்டார். விர்ச்சுவல்பாக்ஸை நிறுவச் சொல்வதற்கு முன்பே ஒரு படி வர வேண்டும்: டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சி.பி.யூ.வைத் தேர்ந்து, 'விர்ச்சுவலைசேஷன்' என்பதற்கு எதிரே 'எனேபிள்ட்' என்று இருக்கிறதா எனப் பார்க்கவும். இந்த ஒரு வரி பல மாணவர்களின் லேப் நேரத்தைக் காப்பாற்றும்.

பெருங்குடியிலிருந்து சிறுசேரி வரை மென்பொருள் நிறுவனங்களில் டெக்னிக்கல் ரைட்டர் என்று தனி வேலையே இருக்கிறது. சிக்கிய இடத்தைத் துல்லியமாக எழுதப் பழகிய மாணவர் அந்த வேலைக்கு இப்போதே தயாராகிறார்.

துறைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் செமஸ்டர் மேனுவலின் கடைசிப் பக்கத்தை அந்த ஐந்து கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடும்போதே அந்தத் தாளையும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்பில் மாறிய வரிகளுக்கு ஒரு கோடு போடுங்கள். தான் எழுதிக் கொடுத்தது அச்சில் வந்திருப்பதைப் பார்க்கும் மாணவர் அடுத்த பிழையையும் நிச்சயம் சொல்வார்.

(தொடரும்)